எவரிடம் வாங்குவது? எப்போது கேட்பது?

ஒரு நகரசபை தன் பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் எரிவாயு வாங்குகிறது. விலை கேட்கிறது, அளவு கேட்கிறது, தவணை கேட்கிறது. விற்பவன் யார், அவன் பெட்டியில் விழும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்றும் அது கேட்க வேண்டுமா? கேட்பதானால் எப்போது கேட்க வேண்டும்? முதற் கேள்வியைப் பற்றி உலகம் நிறையவே பேசியாயிற்று. இரண்டாவதைப் பற்றிப் பேசினவர் குறைவு. நாம் இங்கே சிந்திக்க விரும்புவது பெரிதும் அந்த இரண்டாவதைப் பற்றியே.

நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். பத்து பூத்தே தீவு யாருக்கு என்று நமக்கும் சிங்கப்பூருக்கும் இருந்த வழக்கு 2008-இல் தீர்ந்தது அங்கேதான். 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட சமாதான மாளிகை அந்நகரில் இருக்கிறது. அதனுள் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. சமாதானத்துக்கும் நீதிக்கும் உரிய நகரம் என்று அவ்வூரார் தங்களைச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

2022 பெப்ரவரி 24-ஆம் நாள் ருஷ்ய இராணுவம் உக்ரேனுக்குள் புகுந்தது. அடுத்த மாதம் 16-ஆம் நாள், அதே சமாதான மாளிகையிலிருந்து, இராணுவ நடவடிக்கைகளை உடனே நிறுத்திவைக்கும்படி ருஷ்யாவுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதிகளில் பதின்மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். உத்தரவு பிறந்த அந்த நேரத்தில் அதே நகரத்தின் நகரசபைக் கட்டடங்களுக்கு எரிவாயு வழங்கி வந்தது எந்தக் கம்பெனி? காஸ்ப்ரோம். அதன் பங்குகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை ருஷ்ய அரசாங்கத்தின் கையில் உள்ளன.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி செய்தது. ருஷ்யர் உடைமையான கம்பெனிகளுக்கு அரசாங்கக் குத்தகை கொடுக்கலாகாது. ஏற்கனவே கொடுத்தவற்றை அக்டோபர் 10-க்குள் முடித்துவிட வேண்டும் என்பது விதி. ஹேக் நகரசபை ஜூன், ஜூலை மாதங்களில் ஐரோப்பா முழுவதற்கும் டெண்டர் விட்டது. ஒருவரும் முன்வரவில்லை. பிறகு சில கம்பெனிகளிடம் தனித்தனியே பேசிப் பார்த்தது. அவர்கள் சொன்ன விலை தாங்க முடியாததாக இருந்தது. ஆகஸ்டு மாதத்தில், எங்களுக்கு 2023 ஜனவரி முதல் தேதி வரை விலக்கு வேண்டும் என்று கேட்க நகரசபை முடிவு செய்தது.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் இருக்கலாம். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

2014 ஜூலை 17-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட எம்.எச். 17 விமானம் உக்ரேனின் கிழக்குப் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்தவர் 298 பேர். அவர்களுள் நெதர்லாந்து நாட்டவர் 196 பேர். நம் மலேசியர் 43 பேர். அது நோன்பு மாதம். பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. விமானத்தை வீழ்த்திய ஏவுகணை கூர்ஸ்க் நகரிலுள்ள ருஷ்ய விமான எதிர்ப்புப் படைப்பிரிவுக்குச் சொந்தமானது என்று 2018-இல் புலனாய்வாளர்கள் அறிவித்தார்கள். 2022 நவம்பர் 17-இல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ருஷ்யாவே பொறுப்பு என்றது. ருஷ்யா இன்றளவும் மறுத்து வருகிறது.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். கிரிமியா பறிக்கப்பட்டது 2014 மார்ச்சில். விமானம் விழுந்தது 2014 ஜூலையில். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே பால்டிக் கடலடியில் இரண்டாவது எரிவாயுக் குழாய் போடுவதற்கு காஸ்ப்ரோமும் ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அக்கம்பெனிகளுள் ஒன்று, அந்நாளில் ஹேக் நகரிலேயே தலைமையகம் வைத்திருந்த ஷெல். விமானம் விழுந்து எட்டாண்டு ஆன பிறகும் ஹேக் நகரசபையின் எரிவாயுக் கணக்கு காஸ்ப்ரோமின் பேரிலேயே இருந்தது. தன் மக்களின் உடல்களைச் சுமந்து வந்த வண்டிகளுக்குச் சாலையோரம் நின்று கண்ணீர் விட்ட அதே மக்களின் வரிப்பணம்தான் அக்கணக்கில் போயிற்று. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அழுகை ஒரு அறையிலும் கொள்முதல் வேறொரு அறையிலும் நடந்தது; இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு இல்லை. அவ்வளவுதான்.

கொள்முதல் அதிகாரியின் பக்கத்தையும் கேட்பது நியாயம். அவர் சொல்வார்: “நான் செலவிடுவது என் பணமன்று, ஊரார் பணம். மலிவாக விலை சொன்னவனை விட்டுவிட்டு அதிகம் கேட்பவனிடம் வாங்கினால், அந்த மிகுதியைக் கொடுக்கப் போவது விறகுக்கும் வாடகைக்கும் தவிக்கும் ஏழைக் குடும்பம். என் மனச்சாட்சிக்கு நான் விலை கொடுக்கலாம். அவர்கள் தலையில் அதைக் கட்டலாமா?” இந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. பொதுப்பணம் அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவன் அதைக் கொண்டு தன் பெயருக்கு புண்ணியம் தேடிக்கொள்ள உரிமை இல்லை.

ஆனால் அதே அமானிதம் என்ற சொல் மறுபுறமும் வெட்டுகிறது. ஊரார் பணத்தைக் கொண்டு களவுச் சரக்கு வாங்கிவிட்டு, “மலிவாகக் கிடைத்தது” என்று கணக்குக் காட்டும் குமாஸ்தாவை எந்த முதலாளியும் மெச்சமாட்டான். தன் பணத்தில் வாங்கியவன் தான் மட்டும் குற்றத்துக்கு ஆளாவான். ஊர்ப்பணத்தில் வாங்கியவன் ஊரையே குற்றத்தில் பங்காளியாக்குகிறான்.

அதிகாரிக்கு இன்னொரு வாதமும் உண்டு. அது சற்று நுட்பமானது. எரிவாயு குழாயில் வருகிறது. நோர்வே வாயுவும் ருஷ்ய வாயுவும் வட கடல் வாயுவும் குழாய்க்குள் கலந்துவிடுகின்றன. கலந்த பிறகு ஊருமில்லை பேருமில்லை. காஸ்ப்ரோமின் விற்பனைக் கிளை ஐரோப்பியச் சந்தையில் வாங்கித்தான் நகரசபைகளுக்கு விற்றது. அடுப்பில் எரிந்தது ருஷ்ய மண்ணின் வாயுதான் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே, சரக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. இலாபம் எங்கே போகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் இவ்விஷயத்தில் பாதிப் பேச்சு வீணாகிறது.

இந்தக் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. 2022 ஏப்ரல் 4-ஆம் நாளே ஜெர்மன் அரசாங்கம், காஸ்ப்ரோமின் ஜெர்மன் கம்பெனியைத் தன் பொறுப்பாளர் கையில் ஒப்படைத்துவிட்டது. நெதர்லாந்து, இங்கிலாந்து நகரசபைகளுக்கு எரிவாயு விற்று வந்த கிளை அந்தக் கம்பெனியைச் சேர்ந்ததே. ஆகவே ஆகஸ்டு மாதத்தில் ஹேக் நகரசபை தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஏட்டில் உடைமையாளர் காஸ்ப்ரோம். சாவியோ ஜெர்மன் அரசாங்கத்தின் இடுப்பில். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனி அதை முழுதும் தேசிய உடைமையாக்கியது. அதற்கு முன்பே புதுப் பெயரும் வைத்தாயிற்று. சரி, இனித் தூய்மையாகிவிட்டது என்று பெருமூச்சு விடலாமா? அதுவும் முடியாது. பழைய கம்பெனி செய்திருந்த நீண்ட கால ஒப்பந்தத்தின்படி, ருஷ்யாவின் வடகோடி யமால் பகுதியிலிருந்து கப்பலில் வரும் திரவ எரிவாயுவை, ஜெர்மன் அரசாங்கத்துக்கே சொந்தமான அந்தப் புதுக் கம்பெனி தொடர்ந்து வாங்கி வந்தது. பெயர்ப் பலகை ருஷ்யனாக இருந்தபோது பணம் மாஸ்கோவுக்குப் போகாமல் நின்றது. பலகை ஜெர்மன் ஆன பிறகும் ருஷ்யச் சரக்குக்குப் பணம் போயிற்று! பலகையைப் பார்த்து ஒதுக்குகிறவனும் பலகையைப் பார்த்து வாங்குகிறவனும் ஒரே வகையில் ஏமாறுகிறார்கள்.

இந்த நிலைக்கு அந்த நாடு வந்தது எப்படி என்றும் பார்க்க வேண்டும். நெதர்லாந்துக்குச் சொந்தமாகவே எரிவாயு உண்டு. 1959-இல் கண்டுபிடிக்கப்பட்ட குரோனிங்கன் வயல் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது. பல்லாண்டுகள் அதை உறிஞ்சியதால் நிலம் நடுங்கத் தொடங்கியது. 2012-இல் பலமாகவே நடுங்கியது. ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. அவ்வூர் மக்கள் போராடினார்கள்; அரசாங்கம் எடுக்கும் அளவைக் குறைத்துக் குறைத்து, 2023 அக்டோபரில் வயலை நிறுத்தியே விட்டது. அது சரியான செய்கையே. ஆனால் உள்ளூர் வாயு குறையக் குறைய, ஈடு எங்கிருந்து வரும் என்ற கேள்வி விலைப்பட்டியலோடு முடிந்துபோயிற்று. தன் ஊரார் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டபோது விழித்துக்கொண்ட மனம், அயலூரார் வீடு இடிவதற்குப் போகும் பணத்தைப் பற்றி 2022 வரை விழிக்கவில்லை.

விழித்தபோதோ காலம் கடந்துவிட்டது. தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முனைந்தால் மண்வெட்டிக்காரனும் கூலியை ஏற்றுவான். 2022 கோடையில் எரிவாயு விலை மலையாக உயர்ந்து நின்றது. ரூபிளில் பணம் கட்ட மறுத்த நெதர்லாந்து வாணிபக் கம்பெனிக்கு மே மாத முடிவோடு ருஷ்யாவே சப்ளையை நிறுத்தியிருந்தது. விற்பவனுக்கு ஒப்பந்தம் ஒரு பொருட்டாக இல்லை. வாங்கினவன்தான் அதில் கட்டுண்டு கிடந்தான். அந்த நாளில் வேறு சப்ளைக்காரனைத் தேடுவதன் விலையையும், 2015-இல் தேடியிருந்தால் ஆகியிருக்கக் கூடிய விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? ஏழைக் குடும்பத்தின் பேரைச் சொல்லி அன்று மிச்சம் பிடித்த காசு, 2022-இல் அதே ஏழைக் குடும்பத்தின் பில்லிலேயே பன்மடங்காக வந்து உட்கார்ந்தது. மனச்சாட்சிக்கு விலை அதிகம் என்று சொல்லுகிறவர்கள், அதைக் காலம் தாழ்த்தி வாங்கினால் ஆகும் விலையையே சொல்லுகிறார்கள்.

நம் மண்ணிலும் இதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. அது வாங்கிய கதையன்று, விற்ற கதை; ஆனால் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே.

யுத்தத்துக்கு முன்பு ஜொகூரில் பத்து பகாட் அருகே ஸ்ரீ மேடானிலும், திரெங்கானுவில் டுங்குன் பக்கத்து புக்கிட் பெசியிலும் ஜப்பானியக் கம்பெனிகள் இரும்புச் சுரங்கம் நடத்தின. வெட்டிய தாது கப்பலேறி ஜப்பானுக்குப் போயிற்று. 1937-இல் ஜப்பான் சீனாவின்மீது பெரும்படையெடுத்தது. அதன் பிறகும் தாது போய்க்கொண்டுதான் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் அனுமதித்தார்கள், ஏனெனில் வியாபாரம் வியாபாரம். அமெரிக்காவும் அப்படியே ஜப்பானுக்கு எண்ணெய் விற்றது. பழைய இரும்பும் விற்றது. ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்க எண்ணெய்தான். சீனாவின் நகரங்களில் குண்டு விழுந்துகொண்டிருந்த நான்கு ஆண்டுகளும் அந்த விற்பனை நடந்தது.

அந்நாளில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள் யார்? அச்சுரங்கங்களில் மண் வெட்டிய சீனத் தொழிலாளர்கள். நாம் வெட்டும் இரும்பு நம் உறவினர்மேல் குண்டாக விழுகிறது என்று சொல்லி வேலையை விட்டு வெளியேறினார்கள். அவர்களுக்கு மாற்றுச் சப்ளை இல்லை. மறுநாள் சோற்றுக்கு வழியில்லை. செயலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாத கணக்கு கூலிக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்கா 1941 ஆகஸ்டில்தான் எண்ணெயை அடியோடு நிறுத்தியது. அதற்குள் ஜப்பான் தெற்கு இந்தோசீனா வரை வந்துவிட்டது. கடற்படைக்கு எண்ணெய் இருப்பும் சேர்த்துவிட்டது. டச்சுக்காரர் ஆண்ட சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்கப் புறப்பட்ட படை, டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கியது. 11-ஆம் நாள் பினாங்கின்மேல் குண்டு போட்டது. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த சனங்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள்; சூலியா வீதிப் பெரியவர்களுக்கு அந்நினைவு நெடுங்காலம் ஆறாதிருந்தது. வந்த விமானங்களில் எரிந்தது எந்த நாட்டுப் பெட்ரோல், போட்ட குண்டு எந்த ஊர் இரும்பு என்று இன்று எவரால் சொல்ல முடியும்? கலந்த சரக்குக்கு ஊருமில்லை பேருமில்லை.

இனி, நமக்குக் கசப்பான இடத்துக்கு வருவோம். இதுவரை சொன்னதைப் படித்துத் தலையசைத்த அன்பர்களில் சிலர், “ஐரோப்பியருக்கு உக்ரேன் என்றால் மட்டும் நீதி, 2003-இல் ஈராக்கின்மீது படையெடுத்தபோது எங்கே போயிற்று இந்த விதி?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஈராக்கைத் தாக்கிய நாடுகளின் கம்பெனிகளுக்குக் குத்தகை கொடாதீர் என்று எந்த ஐரோப்பிய ஒன்றியமும் விதி செய்யவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பவன் நீதி பேசத் தகுதியற்றவன். ஆனால் அந்தக் குறையைச் சொல்லுகிற நாம் நம் சொந்தத் தட்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஜோர்தான் நாட்டின் தேசிய மின்சாரக் கம்பெனி அரசாங்கத்துக்குச் சொந்தமானது. 2016 செப்டம்பரில் அது, இஸ்ரேலின் லெவயத்தான் கடல்வயலிலிருந்து 15 ஆண்டுகளுக்கு எரிவாயு வாங்க ஒப்பந்தம் செய்தது. மதிப்பு சுமார் 1,000 கோடி அமெரிக்க டாலர். அம்மான் தெருக்களில் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2020 ஜனவரியில் வாயு வரத் தொடங்கியது. அதே மாதம் பாராளுமன்றம் அந்த இறக்குமதியைத் தடுக்க ஏகமனதாக வாக்களித்தது. ஆயினும் வாயு நிற்கவில்லை.

ஜோர்தான் அரசாங்கத்துக்கும் காரணம் இருந்தது. எண்ணெயற்ற நாடு, அகதிகள் நிறைந்த நாடு. எகிப்திலிருந்து வந்த வாயுக் குழாய் 2011-க்குப் பிறகு சினாய்ப் பாலைவனத்தில் திரும்பத் திரும்பத் தகர்க்கப்பட்டது. மின்சாரக் கம்பெனி கடனில் மூழ்கியது. ஹேக் நகரசபையைவிட அம்மானின் நெருக்கடி பெரிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லெவயத்தான் வயல் ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் இல்லை, கடலில் இருக்கிறது என்றும் சொல்வார்கள். அது சரக்கைப் பற்றிய கேள்விக்குப் பதில். பணம் எந்தக் கஜானாவுக்குப் போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2024 ஜூலை 19-ஆம் நாள், அதே ஹேக் சமாதான மாளிகையிலிருந்து அதே நீதிமன்றம், பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேலின் இருப்பு சட்டவிரோதம் என்றும், அந்நிலை நீடிக்க எந்த நாடும் துணைபோகலாகாது என்றும் கருத்துரைத்தது. அவ்வழக்கில் நம் மலேசியாவும் வாதாடியது.

ஆக்கிரமிப்பாளன் யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் பகையைக் கொண்டு தீர்மானிப்பதானால் அதற்கு முடிவே இராது. நம் கருத்தில், அந்த மாளிகையின் சொல்லை அளவுகோலாகக் கொள்வதே ஓரளவு நேர்மையான வழி. 2022 மார்ச்சில் ஒரு சொல், 2024 ஜூலையில் ஒரு சொல். முந்தியது உத்தரவு, பிந்தியது ஆலோசனைக் கருத்து என்ற வேற்றுமையைச் சட்டம் படித்தவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இருக்கட்டும். முந்தியதை ஏற்றுப் பிந்தியதை மறப்பவர் ஐரோப்பாவில் நிறைய. பிந்தியதை ஏற்று முந்தியதை அலட்சியம் செய்பவர் நம்மிடையே குறைவல்லர். எம்.எச். 17-இல் மாண்ட நம் 43 பேரை நினைத்தாவது இரண்டாவது கூட்டத்தார் சற்று நிதானிக்கலாம்.

காலத்தைப் பற்றிய கேள்வி அம்மானுக்கும் உரியதே. 2015-இலேயே அகபா துறைமுகத்தில் கப்பல் வழியாகத் திரவ எரிவாயு இறக்கும் வசதி வந்துவிட்டது. விலை கூடுதல்; ஆனால் எவரிடமும் வாங்கலாம். கையெழுத்திட்ட நாளில் மாற்று இருந்தது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் கால்பங்குக்கு மேல் வெயிலும் காற்றும் தருகின்றன. பதினைந்து ஆண்டு என்று கட்டிக்கொள்ளாமல் மூன்று மூன்று ஆண்டாகக் கட்டியிருந்தால், அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே வந்திருக்கலாம். 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, தன் பாதுகாப்பின் பொருட்டு லெவயத்தானை மூடியது. ஜோர்தானுக்கு வாயு நின்றது. இங்கும் ஒப்பந்தம் வாங்கினவனைத்தான் கட்டியது.

நம் வீட்டுக்கு வருவோம். நம் மின் நிலையங்களில் எரியும் நிலக்கரி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. ஜொகூர்க் கரைக்கு அப்பால் கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுவது நெடுநாளாக நடக்கிறது. சீனாவின் சுங்கக் கணக்கில் “மலேசிய எண்ணெய்” என்று எழுதப்படுவது, நம் நாட்டுக் கிணறுகள் தரும் மொத்த எண்ணெயைவிட மிகுதி! நம் பெயரைப் போர்த்திக்கொண்டு போகும் அந்த எண்ணெய் எவருடையது, எவருடைய கஜானாவுக்கு அதன் காசு போகிறது என்பதை நம் பாராளுமன்றத்தில் கேள்வி நேரத்தில் கேட்கலாம். எரிபொருள் ஒப்பந்தங்களில் சப்ளைக்காரனின் உண்மையான உடைமையாளர் யார் என்று எழுதி வாங்குகிறார்களா, சர்வதேச நீதிமன்றத்தின் சொல் வந்தால் நட்டமின்றி விலகிக்கொள்ள ஷரத்து உண்டா, எத்தனை ஆண்டுக்குக் கட்டிக்கொள்கிறார்கள் என்றும் கூடவே கேட்கலாம். மக்கள் பிரதிநிதிகளைக் காணும்போது இதைச் சொல்ல நம் சங்க அன்பர்களுக்கு வாய்ப்பு உண்டு. அடுத்த ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன்பு கேட்டால் பதிலுக்குப் பயன் இருக்கும்.